இனாமும் கூலியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் மணக்க வேண்டிய மேடையில் இரயில்வே எழுத்தன் ஒருவனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு உத்தியோகத்தில் புகுந்தவன் நான். சிலம்பின் நயத்தையும் கம்பனின் சுவையையும் எடுத்துரைக்க எனக்குப் பின்னே அறிஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, நாள்தோறும் நான் நிலையத்தில் காணும் ஒரு பொருளையே, அஃதாவது இனாமையும் கூலியையும் பற்றியே, இன்று பேசத் துணிகின்றேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இனாம் என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். மாமூல் என்பதும் அவ்வாறே. பக்ஷீஸ் பாரசீகத்திலிருந்து வந்தது. டிப்ஸ் ஆங்கிலம். பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மானிய மொழியிலும் இதற்கு வழங்கும் பெயர்களின் நேர்ப்பொருள் ‘குடிப்பதற்குக் காசு’ என்பதாம். இத்தனை பெயர்களும் வெளியிலிருந்து நம்மிடம் வந்திருக்க, கூலி என்ற சொல் மட்டும் தமிழுக்கு உரியது. நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டிலும் கூலி கூலியே. உடலை வருத்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பே கூலி தரும் என்று எடுத்துரைக்க வள்ளுவப் பெருந்தகையும் இச்சொல்லையே கையாண்டார். அத்தகைய சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. இனாம் என்பதோ இனிக்கும் சொல்லாகிவிட்டது. இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்த மைசூரு அரசர்களின் நகரம். அரசர் மகிழ்ந்தால் நிலத்தை இனாமாக அளிப்பார். இனாம்தார் வரியின்றியோ, குறைந்த வரி செலுத்தியோ அதனை அனுபவிப்பார். அந்நிலத்தில் ஏர் பிடித்தவன் அவருடைய தயவில் வாழ்வான். இம்முறை தகாது என்று கண்டு, பழைய மைசூர் மாநில அரசு 1954, 1955 ஆகிய ஆண்டுகளின் இனாம் ஒழிப்புச் சட்டங்களால் அதனை முடித்து வைத்தது. நில இனாம் போயிற்று. கை இனாமோ நம்மிடையே நிலைத்துவிட்டது. ஒருவன் பிழைப்பை மற்றொருவன் மகிழ்ச்சியில் தொங்கவிடுவது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றேயன்றோ?

எங்கள் நிலையத்துக்கே வாருங்கள். தசரா நாட்களில் மைசூரு நிலையத்தில் கால் வைக்க இடம் இராது. அக்கூட்டத்தில் சிவப்புச் சட்டையும் கையில் வில்லையும் அணிந்து, தலையில் இரண்டு பெட்டி, தோளில் ஒரு பை என்று விரைபவரை எல்லோரும் அறிவீர்கள். அவர் இரயில்வே அளித்த உரிமம் உடையவர். இரயில்வே எண் தரித்தவர். இரயில்வே வகுத்த விகிதப்படி கூலி பெறவேண்டியவர். ஆனால் இரயில்வேயில் அவருக்குச் சம்பளம் இல்லை. வண்டி தாமதமானால் எனக்குச் சம்பளம் குறைவதில்லை. அவருக்கோ அன்றைய அடுப்பே தாமதமாகிறது. இப்பொழுது பெட்டிகளுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. நிலையங்களில் மின்தூக்கியும் நகரும் படியும் வந்துவிட்டன. பயணிக்கு நன்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? அந்தச் சிவப்புச் சட்டைக்காரரே.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறமாட்டேன். 2008-ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அமைச்சர் லாலு பிரசாத் அவர்கள், உரிமம் பெற்ற போர்ட்டர்களைப் பாதை பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு எடுத்துக்கொள்ள வழி செய்தார். அவ்வழியே பலர் மாதச் சம்பளக்காரராயினர். எஞ்சியவர் எஞ்சியவராகவே நின்றனர். 2016-இல் அமைச்சர் சுரேஷ் பிரபு அவர்கள், கூலி என்ற பெயர் இழிவாக உள்ளது என்று கருதி, ‘சஹாயக்’ என்று பெயர் மாற்றம் அறிவித்தார். நல்லெண்ணமே. எனினும் என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இது: கூலி என்ற சொல்லில் இழிவில்லை, அது ஒழுங்காகக் கைக்கு வந்து சேராததே இழிவு. பெயரை மாற்றினோம், ஊதியத்தை மாற்றினோமா?

இக்கேள்வியை நமக்கு முன்னரே கேட்டவர்களும் இரயில்வேக்காரர்களே. அமெரிக்க நாட்டில் புல்மன் நிறுவனம் என்று ஒன்று இருந்தது. 1860-களில் தொடங்கி, படுக்கை வசதியுள்ள இரயில் பெட்டிகளை அந்நாடு முழுவதும் ஓடவிட்ட நிறுவனம் அது. அடிமைத்தளையிலிருந்து அப்பொழுதுதான் விடுபட்ட நீக்ரோ மக்களை அது பணியாளராக அமர்த்திற்று. படுக்கை விரித்தல், சுமை ஏற்றுதல், பயணிகளின் காலணியைத் துடைத்தல் ஆகியன அவர்கள் வேலை. முழுச் சம்பளம் பெற மாதம் 400 மணி நேரம் உழைக்கவேண்டும். அல்லது 11,000 மைல் பயணம் செய்யவேண்டும். சம்பளமோ குடும்பத்துக்குப் போதாது. மீதியைப் பயணிகளின் இனாம் சரிக்கட்டிவிடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் ஆதலால், பணியாளர் எவராயினும் பயணிகள் அவரை ‘ஜார்ஜ்’ என்றே அழைப்பார்களாம். ஆண்டானின் பெயரால் அடிமையை அழைக்கும் பழைய வழக்கத்தின் எச்சம் அது. இனாம் வாங்குபவனுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லாமற் போயிற்று!

1925-இல் பிலிப் ராண்டால்ஃப் என்ற பெருமகனார் அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டினார். மாதச் சம்பளம் உயரவேண்டும், வேலை நேரம் குறையவேண்டும், இனாமை நம்பிப் பிழைக்கும் நிலை ஒழியவேண்டும் என்பன அவர்கள் கோரிக்கை. பன்னிரண்டு ஆண்டுகள் போராடினர். 1937-இல் புல்மன் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, மாத வேலை நேரம் 400-இலிருந்து 240 மணியாகக் குறைந்தது. பின்னர் நீக்ரோ மக்களின் உரிமைப் போராட்டத்துக்கே அச்சங்கம் ஒரு தூணாக நின்றது. கை நீட்டுவதை நிறுத்தியவர்களே தலை நிமிர்ந்து உரிமை கேட்க முடிந்தது என்பது நாம் இதனால் அறியும் பாடம்.

அந்நாட்டிலேயே உணவு விடுதிகளில் மட்டும் பழைய நிலை மாறவில்லை. அங்கு மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு, இனாமையும் சேர்த்து அத்தொகை எட்டினால், முதலாளி 2 டாலர் 13 சென்ட் மட்டும் கொடுத்தாற் போதும். 1991 முதல் அந்த 2 டாலர் 13 சென்ட் உயரவேயில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே, முழுக் கூலியைக் கொடுத்த பிறகு இனாம் தனி என்று விதித்துள்ளன. வாடிக்கையாளர் தொழிலாளிக்குக் கொடுப்பதாக எண்ணிக்கொண்டு எடுத்துவைக்கும் காசு, உண்மையில் முதலாளியின் பையிலிருந்து போகவேண்டிய காசுக்கு ஈடாகிறது. இதனினும் விந்தை வேறு உண்டோ?

நம் நாட்டுச் சட்டத்தில் இனாமைக் குறைந்தபட்சக் கூலியில் கழித்துக்கொள்ளும் இவ்விதி இல்லை. 1948-இலேயே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இயற்றினோம். 2019-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பெற்றுள்ளது. அரசியலமைப்பின் 43-ஆம் உறுப்போ இன்னும் ஒரு படி மேலே சென்று, தொழிலாளிக்கு வாழ்வூதியமும் கண்ணியமான வாழ்க்கைத் தரமும் ஓய்வும் கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. சட்டம் நம்மிடம் உண்டு. அது சமையற்கட்டு வரை வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. “சம்பளம் சற்றுக் குறைவுதான், ஆனால் டிப்ஸ் நிறைய வரும்” என்று சொல்லி ஆள் எடுக்கும் வழக்கத்தை நம்மில் அறியாதார் யார்?

நியாயமான கூலி எவ்வளவு என்று எப்படி அளப்பது? அன்பர்களே, இதற்கு அளவுகோல் உண்டு. நம் மைசூருக்கு அண்மையில், நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1935 முதல் பத்தாண்டுகள் பணியாற்றியவர் டாக்டர் அய்க்ராய்டு. உழைக்கும் மனிதனுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டவர் அவர். 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு அக்கணக்கை ஏற்றது. உழைப்பவர் ஒருவர்; அவரை நம்பிய குடும்பம் அவரோடு சேர்த்து மூன்று அலகு; அலகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி; வீட்டு வாடகை; விறகு, விளக்கு முதலிய செலவுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு 20 பங்கு. இவற்றைக் கூட்டினால் வருவதே குறைந்தபட்ச ஊதியம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக இன்னும் நூற்றுக்கு 25 பங்கு சேர்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது.

இங்கே ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். ஏழாவது ஊதியக்குழு மத்திய அரசு ஊழியருக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று கணித்தது. 2016 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எவ்வாறு கணித்தது? மேற்சொன்ன 1957-ஆம் ஆண்டு அளவுகோலை வைத்தே கணித்தது. அரிசி, பருப்பு, பால், துணி என்று ஒவ்வொன்றாக விலை போட்டே அத்தொகையை எழுதினர். இச்சபையில் இரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் வங்கியிலும் பணிபுரிவோர் பலர் இருக்கின்றீர்கள். நம் சம்பளத்துக்கு அடியில் பானையும் படியும் வைத்துப் பார்த்த கணக்கு இருக்கிறது. நம் பெட்டியைத் தூக்குபவருக்கும், நமக்கு இலை போடுபவருக்கும், வீதி பெருக்குபவருக்கும் பசி வேறு அளவிலா படைக்கப்பட்டிருக்கிறது?

இன்னும் ஒன்று. பயணச்சீட்டு கொடுக்கும் சாளரத்தில் அமர்ந்த எழுத்தனுக்கு ஒருவர் 50 ரூபாயை நீட்டினால் அதன் பெயர் என்ன? இலஞ்சம். வாங்கியவனுக்கு வேலை போகும், போகவும் வேண்டும். அதே 50 ரூபாயை உணவு பரிமாறியவருக்கு நீட்டினால் அதன் பெயர் இனாம். அவனுக்குக் குற்றமாவது இவருக்குப் பிழைப்பாகிறது. காரணம் எளிது. எழுத்தனுக்கு முறையான ஊதியம் இருக்கிறது. ஆகவே அவன் கை நீட்டக்கூடாது என்று கட்டளையிடச் சமுதாயத்துக்கு உரிமை இருக்கிறது. மற்றவருக்கு அவ்வூதியத்தைக் கொடுக்காதவரையில் அந்த உரிமை நமக்கு ஏது? ஓடும் வண்டிகளில் உணவின் விலைப்பட்டியலோடு “டிப்ஸ் கொடுக்காதீர்கள், ரசீது தராவிடில் பணம் தரவேண்டாம்” என்ற அறிவிப்பையும் வைக்க 2019-இல் இரயில்வே அமைச்சகம் முடிவு செய்தது. பயணியைக் காக்கும் நல்ல அறிவிப்பு. அதன் மறுபக்கத்தில், பரிமாறுபவரைக் காக்கும் சம்பளப் பட்டியலும் இருந்தாலன்றோ அது முழு நியாயமாகும்?

இனாமுக்கு மற்றொரு குறையும் உண்டு. அது இன்றோடு முடிவது. பெரிய ஓட்டல் நிறுவனங்கள் தொடர்பான வழக்கொன்றில் 2016-இல் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று கூறிற்று. வருமான வரி பற்றிய வழக்கு அது. ஆயினும் அதில் தொழிலாளியின் குடும்பத்துக்கும் பாடம் இருக்கிறது. சம்பளம் உயர்ந்தால் சேமநிதி உயரும், பணிக்கொடை உயரும். இனாம் எவ்வளவு பெருகினாலும் இவற்றில் ஒன்றும் பெருகாது. காய்ச்சல் வந்து படுத்தால் இனாமும் படுத்துவிடும். ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தாமாகவே சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அத்தடையைச் சரியென்று கூறிற்று. இங்கிலாந்தில் 2024 அக்டோபர் முதல், வாடிக்கையாளர் தரும் இனாம் முழுதும் தொழிலாளருக்கே சேரவேண்டும் என்று சட்டம் வந்துள்ளது. கொடுத்த காசு சேரவேண்டிய இடம் சேர்வதற்கே ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

அப்படியானால் வழியே இல்லையா என்று கேட்பீர்கள். வழி கண்டவர்கள் நம் அண்டையிலேயே இருக்கிறார்கள். காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி விடுதிகளை 1950-களில் மூடத் தொடங்கினார்கள். தலைப்பாகை அணிந்து காப்பி கொண்டுவந்தவர்கள் வேலையிழந்து தெருவில் நின்றார்கள். ஏ. கே. கோபாலன் அவர்கள் வழிகாட்ட, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முதற் சங்கம் 1957 ஆகஸ்டு 19 அன்று பெங்களூரில் தோன்றிற்று. பரிமாறியவரே பங்காளியாயினர். அன்று முளைத்த இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் பல ஊர்களில் நடைபெறுகிறது. அங்கேயும் மேசைமேல் சில்லறை வைத்துப் போவார் உண்டு. ஆனால் அச்சில்லறையை நம்பி அடுப்பு எரிக்கும் நிலை நீங்கவேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். இனாம் இருக்கலாம், அது பாயசமாக இருக்கவேண்டும், சோறாக இருத்தல் ஆகாது.

சிலர் கூறுவர்: “இனாம் இல்லாவிட்டால் எவன் முகம் கொடுத்து வேலை செய்வான்?” ஜப்பான் நாட்டில் இனாம் கொடுக்கும் வழக்கமே இல்லை, உபசரிப்பில் அந்நாட்டாரை மிஞ்சியவரும் அரியர். வேறு சிலரோ, இவ்வளவு கேட்டபின், “இனி எவருக்கும் கொடுக்கவேண்டாம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்று பையை இறுக்கிக்கொள்வர். அவர்களிடம் இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அவ்வாறு செய்யாதீர்கள். கூலி உயரும் வரையில் இனாமை நிறுத்துவது ஏழையின் தட்டிலிருந்து எடுப்பதாகும். கொடுங்கள், மனம் மகிழ்ந்து, அவர் கையிலேயே கொடுங்கள். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பசுவின் தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதும் நாவுக்கு இழிவே என்று கூசியவர் அவர். உழைத்தவனையே இரக்கும்படி விட்டுவிட்டு நாம் ஈகையைப் பற்றிப் பெருமை பேசலாமா?

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நிலையத்தில் பலகையில் எழுதிய விகிதத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். வீட்டுவேலை செய்யும் அம்மையாருக்கு மாதச் சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உறுதி செய்வோம். தீபாவளிப் புடைவையைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதிருப்போம். 2016-இல் 73 நகரங்களுக்குள் தூய்மையில் மைசூரு முதலிடம் பெற்றதைப் பெருமையோடு பேசுகிறோம். அம்முதலிடத்தைத் துடைப்பத்தால் வாங்கித் தந்த பௌரகார்மிகர், ஆயுதபூஜையன்று வாசலில் நின்றால் முகம் சுளிக்காமல் வரவேற்போம். அவர்கள் நிலையான வேலை கேட்கும்பொழுது அவர்கள் பக்கம் நிற்போம். கைப்பேசியில் கேட்ட உணவை மழையில் நனைந்து கொண்டுவரும் இளைஞருக்காகக் கர்நாடக அரசு 2025-இல் தனிச் சட்டம் இயற்றி, நிறுவனங்களிடம் தொகை பெற்று நலநிதி சேர்க்க வழி செய்துள்ளது. ‘இனாம் தருவீரா’ என்று கைப்பேசி கேட்கும்பொழுது, ‘நலநிதிக்கு நீ தந்தாயா’ என்று அந்நிறுவனத்தைத் திருப்பிக் கேட்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவோம்.

இறுதியாக, நம் சங்கத்துக்கே ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இவ்விழா முடிவில் விருந்து நடக்கிறது. ஒப்பந்தக்காரர் ஆட்களைக் கொண்டுவருகிறார். அவர்கள் விடியற்காலை வந்து நள்ளிரவில் போகிறார்கள். பந்தி முடிந்ததும் ஒரு தாம்பாளம் சுற்றி வருகிறது. சிலர் நூறு ரூபாய் இடுகிறோம். சிலர் பத்து ரூபாய் இடுகிறோம். சிலர் அவ்வேளை பார்த்துக் கைகழுவப் போகிறோம். பந்தியில் நின்று பரிமாறியவருக்கு அதில் ஏதோ கிடைக்கிறது. பின்கட்டில் அண்டா தேய்த்த பெண்களை அந்தத் தாம்பாளம் எட்டியும் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றாக நான் வைக்கும் திட்டம் இது. அடுத்த ஆண்டு முதல், சமையலுக்கு ஒப்பந்தம் எழுதும்பொழுதே, எத்தனை ஆட்கள், எத்தனை மணி நேரம், ஆளுக்கு எவ்வளவு கூலி என்று எழுதி வாங்கவேண்டும். அக்கூலி அரசு அறிவித்த குறைந்தபட்சத்துக்கு ஒரு ரூபாயும் குறையலாகாது; மிகை நேரத்துக்கு மிகை ஊதியம் வேண்டும். பாத்திரம் தேய்ப்பவர் உள்பட ஒவ்வொருவருக்கும் சங்கப் பொருளாளர் முன்னிலையில் அது சேரவேண்டும். முதற்பந்தியிலே நாம் உண்பதற்குமுன், அவர்கள் உண்டார்களா என்று கேட்க ஒருவரை நியமிக்கவேண்டும். இதனால் விருந்துச் சீட்டின் விலை சற்று உயரும். உயரட்டும். மனமுவந்து கொடுப்பவர் அதற்குமேல் கொடுப்பதை எவரும் தடுக்கப் போவதில்லை. தாம்பாளம் மட்டும் சுற்றவேண்டாம்.

இத்தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் முன்மொழிய எண்ணியிருக்கிறேன். விலை உயர்வைக் கருதி எதிர்ப்போரும் உண்டு என்பதை அறிவேன். அவர்கள் தங்கள் கருத்தைத் தாராளமாக எடுத்துரைக்கட்டும். கேட்டு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். நாமும் பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்தவர்களே. நம் தந்தையரும் பாட்டன்மாரும் இம்மண்ணில் முதலில் பெற்றது கூலியே. அதைக்கொண்டே நம்மைப் படிக்கவைத்தார்கள். அச்சொல்லுக்குரிய மதிப்பை மீட்டுத் தருவது நம் கையில் இருக்கிறது.

இந்நேரத்திலும் பின்கட்டில் நமக்காக இலை நறுக்கிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு என் நன்றியைத் தெரிவித்து அமைகின்றேன்.